நிமோனியாவுக்குப் பிறகு உடற்கட்டுப் போட்டி: 16 வாரம் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 34. ஐந்து ஆண்டுகளாக எடைப்பயிற்சி செய்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெண்கள் உடற்கட்டுப் போட்டியில் முதன்முறையாக மேடையேறி நான்காம் இடம் பெற்றேன். அடுத்த போட்டிக்கு 16 வாரம் இருக்கிறது. தைராய்டு குறைவுக்கு ஆறு ஆண்டுகளாக மாத்திரை எடுக்கிறேன். போட்டிக்கான டயட்டைத் தொடங்கியிருந்த நேரத்தில், இரண்டு மாதங்களுக்கு முன் நிமோனியா வந்து மருத்துவமனையில் சேர்ந்தேன். கடந்த மூன்று வாரமாக மீண்டும் டயட்டும் பயிற்சியும் தொடர்கின்றன. எடை 58 கிலோ, உடல் கொழுப்பு 22 சதவீதம், உணவு 1,400 கலோரி. காலையில் ஓட்டமும் ஸ்கிப்பிங்கும், மாலையில் எடைப்பயிற்சி. மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. வலது கணைக்கால் எலும்பில் ஒரே இடத்தில் வலிக்கிறது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறேன். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் 1.3, கல்லீரலுக்கான எஸ்ஜிஓடி 78 என்று ரத்தப் பரிசோதனையில் வந்ததைப் பார்த்த மருத்துவர், ஜிம்மையும் புரோட்டீனையும் அடியோடு நிறுத்தச் சொல்கிறார். கோச்சோ, உடல் வற்றும்போது மாதவிலக்கு நிற்பது நல்ல அறிகுறிதான் என்கிறார். தைராய்டு மாத்திரையை இரட்டிப்பாக்கி, கொழுப்பைக் கரைக்கக் கிளென்பியூட்டரால் என்ற மருந்தையும் சேர்த்தால் இழந்த வாரங்களை ஈடுகட்டலாம் என்கிறார். நான் யார் சொல்வதைக் கேட்பது? இதை விட்டால் அடுத்த ஆண்டு 35 ஆகிவிடும். இப்போதெல்லாம் எடை கால் கிலோ ஏறினாலும் அழுகை வந்துவிடுகிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் போட்டியிலிருந்து விலகிக்கொள்ளுங்கள். ஓட்டம், ஸ்கிப்பிங், வலி மாத்திரை மூன்றையும் இன்றே நிறுத்துங்கள். கிளென்பியூட்டராலைத் தொடாதீர்கள். தைராய்டு மாத்திரை, உங்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவிலிருந்து ஒரு மைக்ரோகிராம்கூட மாறக் கூடாது. ஆனால் எடைப்பயிற்சியை முழுவதுமாக விட வேண்டியதில்லை. புரோட்டீனையும் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. உங்கள் கோச், மருத்துவர் இருவரிடமும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஆனால் கோச் சொல்வதில்தான் ஆபத்து இருக்கிறது.

மற்ற விளையாட்டுகளில் வீரர் போட்டி நாளன்று தன் உச்ச வலிமையில் இருக்க முயல்கிறார். உடற்கட்டுப் போட்டியில் அப்படியில்லை. மேடையேறும் நாளில்தான் நீங்கள் அந்த ஆண்டிலேயே மிகவும் பலவீனமாக இருப்பீர்கள். பல மாதங்கள் வேண்டுமென்றே குறைவாகச் சாப்பிட்டு, உடலின் சேமிப்பைக் கரைத்துத்தான் அந்தத் தோற்றம் வருகிறது. இதில் தவறு இல்லை, அது இந்த விளையாட்டின் இயல்பு. ஆனால் ஒன்றை யோசியுங்கள். நோயிலிருந்து தேறும் உடலுக்குக் கூடுதல் உணவும் ஓய்வும் வேண்டும். போட்டித் தயாரிப்பு இரண்டையும் குறைக்கச் சொல்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய எந்தத் திட்டத்தாலும் முடியாது. முதலில் தேற வேண்டும், பிறகு தயாராக வேண்டும்.

பெரிய அளவில் நடந்த முதல் உடற்கட்டுப் போட்டி என்று கருதப்படுவதை, 1901 செப்டம்பர் 14 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அக்காலப் புகழ்பெற்ற பலசாலி யூஜின் சாண்டோ நடத்தினார். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயிலும் நடுவர்களில் ஒருவர். தசை வளர்ச்சி, உடலின் சமநிலை ஆகியவற்றோடு பொதுவான ஆரோக்கியத்துக்கும் அங்கே மதிப்பெண் இருந்தது. இன்றைய மேடையில் நடுவரின் கண்ணுக்கு உங்கள் எலும்போ ரத்தமோ தெரியாது. அதனால் அந்த மதிப்பெண்ணை நீங்களும் நானும்தான் போட வேண்டியிருக்கிறது.

மாதவிலக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது அதுதான். முதலில் கர்ப்பப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். வாய்ப்பே இல்லை என்று உங்களுக்குத் தோன்றினாலும் அதுதான் முதல் படி. அதோடு தைராய்டு நிலையைச் சொல்லும் டிஎஸ்எச்சையும், மாதவிலக்கோடு தொடர்புள்ள புரோலாக்டின், எஃப்எஸ்எச், எல்எச், எஸ்ட்ராடியால் ஆகிய ஹார்மோன்களையும் ரத்தத்தில் பார்க்க வேண்டும். நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களுக்கான 2017ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல், மாதவிலக்குச் சுற்று தொடர்ந்து 45 நாட்களைத் தாண்டினாலோ மூன்று மாதம் வராமல் இருந்தாலோ காரணத்தைத் தேட வேண்டும் என்கிறது. நீங்கள் அந்த எல்லைக்கு வந்துவிட்டீர்கள்.

வேறு காரணம் எதுவும் தென்படாவிட்டால், உங்கள் கடிதத்திலுள்ள எண்களே விடை சொல்லிவிடுகின்றன. 58 கிலோவில் 22 சதவீதக் கொழுப்பைக் கழித்தால் மீதி சுமார் 45 கிலோ. நீங்கள் சாப்பிடும் 1,400 கலோரியில், ஓட்டமும் எடைப்பயிற்சியும் சேர்ந்து 500 கலோரியை எடுத்துக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 900. இதயம், மூளை, எலும்பு, கருப்பை, நோய் எதிர்ப்பு எல்லாம் இந்த 900 கலோரியில்தான் நடக்க வேண்டும். கொழுப்பு நீங்கிய எடையில் ஒரு கிலோவுக்கு 20 கலோரிதான் கிடைக்கிறது. ஆன் லௌக்ஸ் என்ற ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இந்த அளவு 30க்குக் கீழே போனபோது மாதவிலக்கை இயக்கும் எல்எச் ஹார்மோனின் துடிப்பு ஐந்தே நாட்களில் குலைந்தது. 30 என்பது எல்லாப் பெண்களுக்கும் பொருந்தும் துல்லியமான கோடு அல்ல; சிலருக்கு அதற்கு மேலேயே பாதிப்பு வரும். வசதியான அளவு 45 வாக்கில். உங்களுக்குக் கிடைப்பது அதில் பாதிகூட இல்லை. அதுவும் நுரையீரல் தேறிக்கொண்டிருக்கும் காலத்தில்.

எனவே மாதவிலக்கு நிற்பது உடல் வற்றுவதன் நல்ல அறிகுறி அல்ல. இனப்பெருக்கத்துக்குச் செலவிட எதுவும் இல்லை என்று மூளை கதவை அடைத்திருக்கிறது என்பதுதான் பொருள். உங்கள் கொழுப்பு இன்னும் 22 சதவீதம். மேடைக்குரிய வற்றலுக்கு வெகு தூரம் முன்பே கதவு அடைபட்டிருக்கிறது என்பதைக் கோச்சிடம் சுட்டிக்காட்டுங்கள். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்தச் சக்திப் பற்றாக்குறைக்கு ரெட்-எஸ் என்று பெயரிட்டு வழிகாட்டுதல் வெளியிட்டது. 2023இல் அதைப் புதுப்பித்தது. எலும்பு, இதயம், நோய் எதிர்ப்பு, மனநிலை எல்லாவற்றையும் இது தொடும். கருத்தடை மாத்திரை கொடுத்து மாதவிலக்கை வரவழைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அது மாத்திரை நிறுத்தும்போது வரும் ரத்தப்போக்கு மட்டுமே. எலும்பைக் காப்பாற்றாது, பிரச்சினையை மறைத்தும் விடும்.

எலும்பு என்றதும் உங்கள் கணைக்காலுக்கு வருகிறேன். விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலி, குதிக்கும்போது அதிகமாகும் வலி, மாதவிலக்கு இல்லாத உடல், திடீரென்று கூடிய ஓட்டம். இவை சேர்ந்து வந்தால், இல்லை என்று நிரூபணமாகும் வரை அதை எலும்பு அழுத்த விரிசல் என்றே கருத வேண்டும். எக்ஸ்ரேயில் முதல் இரண்டு மூன்று வாரம் எதுவும் தெரியாமல் போகலாம். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற சொல்லை நம்பி மறுபடி ஓடத் தொடங்காதீர்கள். எம்ஆர்ஐ எடுங்கள். கணைக்கால் எலும்பின் உட்புறப் பின்பகுதியில் விரிசல் என்றால் பெரும்பாலும் சில வார ஓய்வில் ஆறிவிடும். முன்பக்கத்தில் என்றால் நிலைமை வேறு. அங்கே ரத்த ஓட்டம் குறைவு, ஆறுவது தாமதமாகும், சில சமயம் முழு முறிவாகி அறுவை சிகிச்சை வரை போகும். எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனும் வைட்டமின் டி பரிசோதனையும் இத்துடன் செய்துவிடுங்கள். வலி மாத்திரை அந்த வலியை மறைத்து, ஆறாத எலும்பின் மேல் உங்களை ஓட வைக்கிறது. அதே மாத்திரை சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. இது அடுத்த விஷயத்துக்குக் கொண்டுபோகிறது.

உங்கள் மருத்துவர் கவலைப்பட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எடைப்பயிற்சி செய்பவரின் ரத்தப் பரிசோதனையை அப்படியே படிக்கக் கூடாது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை அதிகமுள்ளவருக்கும், ஜிம்மில் பலர் எடுக்கும் கிரியேட்டின் என்ற சத்துப் பவுடர் எடுப்பவருக்கும் சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே அது சற்றுக் கூடுதலாகக் காட்டும். சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனை தசையை அவ்வளவாகச் சார்ந்ததல்ல; அதையும், சிறுநீரில் அல்புமின் அளவையும் கேளுங்கள். இதில் உங்களுக்கு மட்டும் ஒரு நுணுக்கம்: தைராய்டு குறைந்தால் கிரியாட்டினின் கூடும், சிஸ்டாட்டின் சி குறையும். ஆகவே டிஎஸ்எச் சரியாக இருக்கும் நேரத்தில் எடுத்த முடிவுதான் நம்பகமானது. எஸ்ஜிஓடி கல்லீரலில் மட்டுமல்ல, தசையிலும் இருக்கிறது. கடுமையான எடைப்பயிற்சிக்குப் பிறகு ஒரு வாரம் வரைகூட அது உயர்ந்து நிற்கும். ஏழெட்டு நாள் பயிற்சியில்லாமல் இருந்து, தசையைக் காட்டும் சிபிகே, கல்லீரலைக் காட்டும் ஜிஜிடி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சிபிகே உயர்ந்து ஜிஜிடி சாதாரணமாக இருந்தால் தசைதான் காரணமாக இருக்கும் வாய்ப்பு அதிகம். கிரியேட்டின் எடுத்தால் பரிசோதனைக்கு முன் அதையும் நிறுத்திவிட்டு, நிறுத்தியதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இவ்வளவு சொல்வதால் எல்லாம் தசையின் வேலை என்று நான் தீர்ப்பு எழுதிவிட்டதாக நினைக்க வேண்டாம். வலி மாத்திரை, போதாத உணவு, கடந்துபோன கடும் தொற்று மூன்றும் சிறுநீரகத்துக்கு உண்மையான சுமைகள். மறுபரிசோதனையிலும் கோளாறு தெரிந்தால் சிறுநீரக மருத்துவர் சொல்வதே இறுதி. அதுவரை புரோட்டீனை அளவோடு, முடிந்தவரை சாப்பாட்டிலிருந்து எடுங்கள்.

அடுத்து நிமோனியா. மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து லெவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் போன்ற பெயர் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகை ஆண்டிபயாட்டிக் தசைநாண்களைப் பலவீனப்படுத்தக்கூடியது. ஸ்டீராய்டும் சேர்ந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் கழித்தும் குதிகால் நாண் அறுந்தவர்கள் உண்டு. அந்தப் பெயர் இருந்தால் கனமான எடைக்குத் திரும்புவதில் இன்னும் நிதானம் வேண்டும். மாடிப்படி ஏறும்போது நெஞ்சு வலி, படபடப்பு, தலைச்சுற்றல், முன்பில்லாத மூச்சு வாங்கல் இவற்றில் எது இருந்தாலும் ஈசிஜியும் எக்கோவும் எடுக்கும் வரை பயிற்சியே கூடாது. தொற்று இதயத் தசையைத் தொட்டிருந்தால் மூன்றிலிருந்து ஆறு மாதம் கடும் உடற்பயிற்சி தடை.

இனி மருந்துகள். தைராய்டு ஹார்மோனைத் தேவைக்கு மேல் எடுத்தால் எடை குறையும், உண்மைதான். குறைவதில் தசையும் சேர்ந்து போகும். எலும்பிலிருந்து கால்சியம் போகும். இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். கணைக்காலில் விரிசல் சந்தேகத்தோடு இருக்கும் ஒருவருக்கு இதைப் பரிந்துரைப்பதைக் கேட்டு எனக்குக் கோபமே வந்தது. கிளென்பியூட்டரால் கொழுப்பைக் குறைக்கும் மருந்தாக அங்கீகரிக்கப்பட்டதே அல்ல. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் பட்டியலில் எப்போதும் தடை செய்யப்பட்டது. அது ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைத்து இதயத்தை விரட்டும். இரட்டிப்புத் தைராய்டு மாத்திரையும் அதுவும் ஒன்றாகச் சேர்ந்தால் ஒரே இதயத்தை இரண்டு பக்கமிருந்து அடிப்பதாகும். கடைசி வாரத்தில் உடலிலுள்ள நீரை வற்றவைக்கச் சிறுநீர் பெருக்கி மாத்திரை என்ற பேச்சும் பின்னால் வரும், எனவே இப்போதே சொல்லிவைக்கிறேன். 1992 அக்டோபரில் நெதர்லாந்தில் ஒரு போட்டி முடிந்த சில மணி நேரத்தில் முகமது பெனாசிசா இறந்தார். 1996 மார்ச்சில் ஆண்ட்ரியாஸ் முன்சர் 31 வயதில், போட்டிகளில் பங்கேற்ற சில நாட்களிலேயே உறுப்புகள் செயலிழந்து இறந்தார். இருவரும் உலகத் தரத்தில் இருந்த தொழில்முறை வீரர்கள். இரண்டு மரணங்களிலும் சிறுநீர் பெருக்கியின் பங்கு பேசப்பட்டது.

உங்கள் தைராய்டு மாத்திரை சரியாக உறிஞ்சப்படுகிறதா என்பதுதான் உருப்படியான கேள்வி. வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபியோ புரோட்டீன் பவுடரோ. கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் எடுத்தால், ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பு நிறுத்துங்கள், பரிசோதனை முடிவையே அது புரட்டிவிடும். டயட்டில் இருக்கும்போது டி3 என்ற தைராய்டு ஹார்மோன் குறைந்து காட்டினால் பதற வேண்டாம்; உணவு குறைந்ததால் உடல் செலவைச் சுருக்குகிறது. மாத்திரையைக் கூட்டுவது அதற்கு மருந்தல்ல, சாப்பாடுதான் மருந்து.

பின்லாந்தில் 27 பெண் போட்டியாளர்களைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்றைச் சொல்ல வேண்டும். சுமார் நான்கு மாத டயட்டுக்குப் பிறகு, மூன்று நான்கு மாதம் நன்றாகச் சாப்பிட்டபோது பெரும்பாலான ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பின. டி3யும் டெஸ்டோஸ்டிரோனும் அப்போதும் குறைவாகவே இருந்தன. நோயில்லாமல் தொடங்கிய பெண்களுக்கே இந்தக் கதை.

இன்னொரு கணக்கும் பாருங்கள். மேடைக்கு 12, 13 சதவீதக் கொழுப்பு என்றால் நீங்கள் 52 கிலோவுக்கு வர வேண்டும், ஆறு கிலோ குறைய வேண்டும். தசை கரையாமல் குறைக்க வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட வேகம். தைராய்டு குறைவு உள்ள உங்களுக்குக் கீழ்முனையை ஒட்டிய வேகமே பொருந்தும், வாரத்துக்கு 350 கிராம் வாக்கில். ஆறு கிலோவுக்கு 17, 18 வாரம். அதாவது நிமோனியாவே வந்திருக்காவிட்டாலும் இன்றிலிருந்து 16 வாரம் போதியிருக்காது. கோச் மருந்தை நாடுவதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் இப்போது என்ன செய்வது? சாப்பாட்டை நான்கைந்து வாரத்தில் படிப்படியாக 2,200, 2,300 கலோரிக்கு ஏற்றுங்கள். ஓட்டம் நின்றுவிட்டதால் பயிற்சிச் செலவு பாதியாகும். இந்த அளவில் கிலோவுக்கு 45 என்ற கணக்கு நேராகிவிடும். இரண்டு மூன்று கிலோ ஏறும். ஏறத்தான் வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கான ஓய்வு வாரம் முடிந்ததும், இதயமும் நுரையீரலும் சரி என்று மருத்துவர் சொன்ன பிறகு, எடைப்பயிற்சியை வாரம் இரண்டு நாளில் தொடங்குங்கள். எம்ஆர்ஐ முடிவு வரும் வரை மேலுடம்புக்கு மட்டும், உட்கார்ந்தும் படுத்தும் செய்பவை. தசை போய்விடுமே என்ற பயம் வேண்டாம். 2011இல் வெளியான ஆய்வொன்றில் 20 முதல் 35 வயதுக்காரர்கள், நான்கு மாதம் செய்த பயிற்சியை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். வாரத்தில் ஒரே நாள், ஒவ்வொன்றிலும் ஒரே செட். எடையின் கனத்தை மட்டும் குறைக்கவில்லை. 32 வாரம் கழித்தும் தசை அப்படியே இருந்தது. ஒருமுறை வளர்ந்த தசை இழந்தாலும் முதல் முறையைவிட வேகமாகத் திரும்பும். போஸிங், அதாவது மேடையில் தசையைக் காட்டி நிற்கும் பயிற்சி, தாராளமாகச் செய்யலாம், மூச்சை அடக்காமல். நான்காம் இடத்துக்கும் முதல் மூன்றுக்கும் இடையில் பல சமயம் இருப்பது போஸிங்தான்.

அடுத்த தயாரிப்பை எப்போது தொடங்கலாம் என்பதைக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாத்திரை உதவியில்லாமல் மூன்று மாதவிலக்குகள் ஒழுங்காக வந்திருக்க வேண்டும். எலும்பு மருத்துவர் குதிக்கவும் ஓடவும் அனுமதித்திருக்க வேண்டும். மாத்திரையின் அளவு மாறினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் டிஎஸ்எச் உண்மையைச் சொல்லும். அப்படி எடுத்த இரண்டு முடிவுகள் ஒத்துப்போக வேண்டும். நோய்க்கு முன் தூக்கிய எடைகளைச் சிரமமின்றித் தூக்க வேண்டும். இதற்கு ஆறு மாதம் ஆகலாம், ஒன்பதும் ஆகலாம். பிறகு குறைந்தது 20 வாரத் தயாரிப்பு. அதிலும் சுற்று 45 நாளைத் தாண்டிய அன்று டயட் நிற்கும் என்பதைக் கோச்சுடன் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

35 வயதைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். பல அமைப்புகளில் பெண்களுக்கான மாஸ்டர்ஸ் எனும் மூத்தோர் பிரிவு தொடங்குவதே 35இல்தான். இப்போது உங்களுக்கு ஒரு பிரிவு என்றால் அடுத்த ஆண்டு இரண்டு. பிராங்கோ கொலம்பு 1976இல் உடற்கட்டு உலகின் உச்சப் பட்டமான மிஸ்டர் ஒலிம்பியாவை வென்றவர். 1977இல் குளிர்சாதனப் பெட்டியை முதுகில் சுமந்து ஓடும் போட்டியில் அவர் கால் மூட்டு நழுவிச் சிதைந்தது. அவர் மீண்டும் அந்தப் பட்டத்தை வென்றது 1981இல், 40 வயதில். இடைப்பட்ட ஆண்டுகளை யாரும் அவர் கணக்கில் கழிக்கவில்லை.

கடிதத்தின் கடைசி வரியை நான் பலமுறை படித்தேன். கால் கிலோ என்பது ஒரு டம்ளர் தண்ணீர். அதற்கு அழுகை வருகிறது என்றால் அது மனவுறுதிக் குறைவு அல்ல. நீண்ட நாள் போதிய உணவில்லாத மூளை அப்படித்தான் நடந்துகொள்ளும். சாப்பாடு கூடும்போது பெரும்பாலும் குறையும். ஆனால் கலோரி ஏறும் வாரங்களில் பயம் இன்னும் கூடினாலோ, வீட்டாருடன் உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்க்கத் தோன்றினாலோ, சாப்பிட்டதை ஈடுகட்ட ரகசியமாக உடற்பயிற்சி செய்தாலோ, உணவுச் சிக்கல்களில் அனுபவமுள்ள மனநல நிபுணரைப் பாருங்கள். எடை பார்க்கும் கருவியை இந்த ஒரு மாதத்துக்கு வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கோச்சிடம் இந்தப் பதிலைக் காட்டலாம். மருந்து இல்லாத நீண்ட தயாரிப்புக்கு அவர் சம்மதித்தால் அவரோடு தொடருங்கள். மாட்டேன் என்றால் வேறு கோச்சைத் தேடுங்கள், அதற்கு இப்போது உங்களுக்கு நேரம் இருக்கிறது. இந்த வாரம் கர்ப்பப் பரிசோதனை, ஈசிஜி, எம்ஆர்ஐ. பயிற்சியில்லாத எட்டாம் நாள் ரத்தப் பரிசோதனை. முடிவுகள் கைக்கு வந்ததும், விரிசல் எலும்பின் எந்தப் பக்கத்தில் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். கால்களுக்கான பயிற்சியை அதற்குப் பிறகு வகுப்போம்.